அதே தெரு, அதே கல்

எங்கள் அம்மனுடைய தேர் போனால் தெருக்கல் உடைந்துவிடும் என்று மூன்று வருஷமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த சிஞ்ஞோரா ஒர்னெல்லா, போன வருஷம் அதே தெருவில், அதே கல்லின் மேல், மூன்று தொன் எடையுள்ள ஜப்பான் தேர் ஒன்றை இழுக்கப்போவதாகச் சந்தோஷமாகச் சொன்னார். அப்போது நான் அவருடைய குளியலறையில் முழங்காலில் நின்று தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த துணியை வாளிக்கு மேலே பிடித்துப் பிழிந்தேன். வேறு எதைப் பிழிவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் விமலராணி. இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து பத்தொன்பது வருஷம். அதில் பதினாலு வருஷம் கால்சாப் பகுதியில் இந்தச் சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. சிஞ்ஞோரா என்றால் இங்கே அம்மா, மேடம் மாதிரி. அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் மகள் சாம்பவி பிறந்தபோது தொட்டில் தந்தவர். வாடகை வீட்டுக்காரன் எங்களை வீட்டைவிட்டு எழுப்பப் பார்த்தபோது அவனோடு கதைத்து நிறுத்தியவர். அதனால்தான் கோபம் இவ்வளவு வருகிறது. முன்பின் தெரியாத ஒருத்தி செய்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

இங்கே எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கடிதம் வந்தால் உறையைக் கிழிக்கும் முன்னமே வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவிடம் கொண்டுபோவோம். பல்லுக் கொதித்தாலும் சிஞ்ஞோரா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்றாலும் சிஞ்ஞோரா, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிறதென்றால் அதற்கும் சிஞ்ஞோரா ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. வந்த புதிதில் பாஷை தெரியாமல் பிடித்த பழக்கம். பாஷை வந்த பிறகும் எங்களை விடவில்லை. இரண்டு தமிழர் பஸ்ஸில் சந்தித்தால் சுகம் கேட்க முன்னம் "உங்கட சிஞ்ஞோரா எப்பிடி?" என்றுதான் கேட்போம். நல்ல சிஞ்ஞோரா கிடைத்தவளைப் பார்த்து மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். நான் பெருமூச்சு விடவைத்தவள்.

தேர் விஷயமும் அப்படித்தான் அவர் கைக்குப் போனது.

எங்கள் கோயில் கால்சாவில் ஒரு பழைய களஞ்சியம். முன்பு மீன்வலை அடுக்கிவைத்திருந்த இடம். மழை பெய்தால் இப்போதும் அந்த மணம் வரும். உள்ளே அம்மன், பின்னால் ஒரு முற்றம். தேரை எங்கள் ஆட்களே ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிச் செய்தார்கள். பதினொரு அடி உயரம், நாலு மரச்சில்லு. திருவிழாவன்று அம்மனை ஏற்றி முற்றத்துக்குள் மூன்று தரம் சுற்றுவோம். வடம் பிடித்தவர் பத்து அடி வைக்க முன்னம் சுவர் வந்துவிடும். நானூறு சனத்தையும் முறை வைத்து உள்ளே விடுவோம், வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மற்றப் பக்கத்தால் வெளியே போகவேண்டும். தேர் என்றால் தெருவுக்கு வரவேண்டும். வாசலில் நிறைகுடம் வைத்த வீடுகளுக்கு முன்னால் நின்று, அர்ச்சனை வாங்கி, ஆறுதலாகத் திரும்பவேண்டும். முற்றத்துக்குள் சுற்றுவது அம்மனை வீட்டுக்காவலில் வைப்பது போல.

"என்ர சிஞ்ஞோரா செய்து தருவா" என்று கோயில் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னவள் நான்தான். கோயில் செயலாளர் கஜானன் தெரு அனுமதிக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தந்தார். வெளிநாட்டவர் பெயரில் போனால் எடுக்கமாட்டார்கள் என்றும், தன் கலாசாரச் சங்கத்தின் பெயரில் தானே கொடுப்பதாகவும் சொல்லிச் சிஞ்ஞோரா அதை வாங்கிக்கொண்டார். முதல் வருஷம், "மறுத்துவிட்டார்கள் கண்ணே, தெருக்கல் பழசு" என்றார். இரண்டாம் வருஷமும் கல். மூன்றாம் வருஷம் கல்லோடு சத்தமும் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் நான் கோயிலில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னேன். "உன்ர சிஞ்ஞோராவும் அவ்வளவுதானோ" என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

இப்போது ஜப்பான். அங்கே கோடையில் பெரிய திருவிழாவாம். கம்பளமும் பட்டும் விளக்கும் தொங்கவிட்ட உயரமான தேர்களைப் பட்டணத்துத் தெருவில் இழுப்பார்களாம். அதில் ஒன்றைப் போலவே செய்து கால்சாவில் இழுக்கச் சிஞ்ஞோராவின் சங்கம் ஒகுனோ என்ற தச்சரை ஜப்பானிலிருந்து அழைத்திருந்தது. தேர் ஒரு மாளிகை முற்றத்தில் எழும்பியது. பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. எங்கள் தேரைப் போலவே அந்தத் தேருக்கும் திருப்புகிற வசதி கிடையாது. நேரே போகும். மூலையில் ஆட்கள்தான் திருப்பவேண்டும்.

"கோபாலும் உங்கள் ஆட்களும் வந்து இழுப்பீர்களா?" என்று சிஞ்ஞோரா கேட்டார். "இதைச் செய்து தாருங்கள். இந்த வருஷம் உங்கள் அனுமதியை எப்படியும் எடுத்துத் தருவேன்."

கோபால் என்றது என் கணவர் கோபாலசிங்கத்தை. ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவுகிறவர். கோயிலில் சில்லுக்குக் கட்டை போடுகிறவர். கட்டை போடுவதென்றால் சும்மா வேலை இல்லை. சில்லுக்குப் பக்கத்திலேயே நடக்கவேண்டும். ஆப்பு மாதிரி வெட்டிய கட்டையைச் சரியான நேரம் சில்லுக்கு முன்னால் வைத்தால் தேர் நிற்கும், ஓரமாக வைத்தால் தேர் திரும்பும். கட்டைக்காரர் கை காட்டாமல் யாரும் வடத்தை இழுக்கக்கூடாது. பிழைத்தால் முதலில் போவது அவருடைய கால்.

அவரும் ஒகுனோவும் கதைக்க ஒரு பாஷையும் இல்லை. என் கணவர் கோயில் கட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினார். ஒகுனோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பெட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே மூலையில் திருப்பும்போது பிளந்த மூங்கிலைச் சில்லுக்குக் கீழே பரப்பி, தண்ணீர் ஊற்றி, தேரைப் பக்கவாட்டில் இழுப்பார்களாம். மூங்கிலுக்கு எங்கே போவது? சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிற எங்கள் பிரணவன் வேலியோரத்தில் நின்றதை வெட்டிக் கொண்டுவந்தான். தேரின் மேல்தட்டில் துணி சுற்றிய சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. "சாமியோ?" என்று என் கணவர் கைகூப்பிக் கேட்டார். ஒகுனோவும் கைகூப்பித் தலையாட்டினார்.

அவ்வளவுதான். என் கணவரும், வடம் பிடிக்கச் சேர்ந்த எங்கள் ஆட்கள் பதினாலு பேரும் அந்தக் கிழமை முழுக்க மச்சம் மாமிசம் சாப்பிடவில்லை. யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. சாமி இருக்கிற தேர் என்றால் விரதம் இருக்கத்தானே வேண்டும். ஹோட்டல் குசினியில் மீன் பொரிகிற மணத்துக்கு நடுவில் நின்றுவிட்டு வந்து என் கணவர் சோறும் பருப்பும் சாப்பிட்டார்.

ஊர்வலம் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு. வெயில் இன்னும் சுவரில் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு நீலச் சட்டையும் வைக்கோல் தொப்பியும் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தண்ணீர்ப் போத்தல் தட்டு. என் கணவர் குனிந்து கட்டையை உருவினார், கையை உயர்த்தினார். வடம் இறுகியது. தேர் ஒரு முனகலோடு அசைந்தது. அப்போது பதினாலு தொண்டையிலிருந்தும் ஒரே குரலாக வந்தது.

"அரோகரா!"

ஒருவரும் திட்டம் போடவில்லை. தேர் அசைந்தால் அந்தச் சொல் தானாக வரும். எனக்கும் வந்துவிட்டது. தெருவில் நின்ற சனம் கை தட்டியது. மேல்மாடத்திலிருந்து ஒரு கிழவர் அதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சாம்பவி கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே குதித்தாள். சிஞ்ஞோரா மட்டும் குதிச்செருப்போடு ஓடி வந்தார்.

"கோபால்! கோபால்! அது வேண்டாம், அது உங்களுடையது! இது ஜப்பான்!"

பிறகு படமெடுக்க வந்தவனோடு ஏதோ குசுகுசுத்தார். திரும்பி வந்து, எங்கள் ஆட்கள் வடத்தை விட்டுவிட்டுப் பின்னால் போய்த் தேரைத் தள்ளவேண்டும் என்றார். பின்பக்கம் பெரிய பட்டுத்திரை தொங்கியது. அதற்குள்ளே நின்று தள்ளவேண்டுமாம். படத்துக்கு முகம் பொருந்தவில்லையாம்.

முகம் பொருந்தவில்லை! முன்னால் வடம் பிடிக்க வந்தவர்கள் யார்? போர்கோ வெக்கியோவில் கராத்தே பழகுகிற பெடியள். அதில் ஒருவனுடைய தாய் சந்தையில் நத்தை விற்கிறவர், எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குச் செம்பட்டைத் தலை, முகமெல்லாம் புள்ளி. அந்த முகம் ஜப்பான் முகம். கிழமை முழுக்க விரதமிருந்த பதினாலு முகமும் திரைக்குப் பின்னால். போத்தல் தட்டைத் தூக்கி எறியாமல் இருக்க அதை இறுக்கிப் பிடித்தேன்.

"விடப்பா" என்று என் கணவர் என்னிடம் சொன்னார். "அனுமதி வரட்டும்."

அவரையும் பின்னால் போகச் சொன்னார்கள். ஒகுனோ அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதனால் அவர் மட்டும் சில்லுப் பக்கத்தில் நின்றார்.

மூலை வந்தது. கராத்தேப் பெடியள் பலசாலிகள். கோவேறு கழுதைகளுக்கும்தான் பலம் இருக்கிறது. என் கணவர் கை காட்டுவதை ஒருவனும் பார்க்கவில்லை. எல்லாரும் படமெடுக்கிறவனைப் பார்த்துக்கொண்டு இழுத்தார்கள். தேர் ஒரு பக்கம் சரிந்து, அதன் கூரை மூலைவீட்டு மேல்மாடத்துக்கு நேரே போனது. மேலே பிள்ளைகள் நின்றார்கள். ஒகுனோ கத்தினார். என் கணவர் பாய்ந்து கட்டையைச் சில்லுக்கு முன்னால் எறிந்தார். தேர் ஒருமுறை குலுங்கி நின்றது. மேல்மாடத்துக்கு ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

"உங்கள் ஆட்களை முன்னால் கூப்பிடு!" என்று சிஞ்ஞோரா வெளிறிப்போய் என்னிடம் சொன்னார். இப்போது முகம் பொருந்தியது போலிருக்கிறது. திரைக்குள்ளிருந்து எங்கள் ஆட்கள் தலைமுழுகினவர்கள் மாதிரி வேர்த்து நனைந்து வெளியே வந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் கோப்போடு நின்றாள். தெருவில் ஊர்வலம் போக அனுமதி கொடுக்கிற கந்தோரில் வேலை செய்கிறவளாம். தேர் சொன்ன வழியால் போகிறதா என்று பார்க்க வந்திருந்தாள். தண்ணீர் ஒன்று எடுத்துக் குடித்துவிட்டு, "இவர்களுக்கு இது பழக்கமான வேலை போலிருக்கிறதே" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஓம், எங்களுக்கும் தேர் இருக்கு" என்று தமிழில் தொடங்கி, பிறகு இத்தாலியனில் சொன்னேன். "நீங்கள்தான் மூன்று வருஷமாக மறுக்கிறீர்கள். அதே தெருவுக்கு."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "எந்தத் தேர்? அந்த மேசையில் ஐந்து வருஷமாக இருப்பவள் நான். அப்படி ஒரு விண்ணப்பம் வந்ததே இல்லை."

"மூன்று தரம் வந்தது."

"சிஞ்ஞோரா, ஒரு தரமும் வரவில்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

தட்டை நிலத்தில் வைத்தேன். நேரே போய், முன்சில்லுக்கு முன்னால் கிடந்த கட்டையின் மேல் ஏறிக் குந்திக்கொண்டேன். நான் எழுபத்தெட்டுக் கிலோ. அதற்காக அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

"விமலா, என்ன இது? எழும்பு!" என்று சிஞ்ஞோரா ஓடி வந்தார்.

"எங்கட மூன்று விண்ணப்பமும் எங்கை?" எனக்கு ஆத்திரம் வந்தால் முதலில் தமிழ்தான் வரும். மறுபடி அவருடைய பாஷையில், தெரு முழுக்கக் கேட்கக் கேட்டேன்.

அவர் அங்கும் இங்கும் பார்த்தார். பொய் சொல்லுவார் என்று நினைத்தேன். அதைவிட மோசமாக, அன்பாகக் கதைத்தார்.

"என் மேசை லாச்சியில் இருக்கிறது. எப்படியும் மறுத்திருப்பார்கள், விமலா. உனக்கு அந்த மனவருத்தம் வேண்டாம் என்றுதான். சத்தம், சனம் என்று அயலவர்களும் நாளைக்கு என்னைத்தானே கேட்பார்கள். நான் உன்னைக் காப்பாற்றினேன்."

மேசை லாச்சி. பதினாலு வருஷம் நான் துடைத்த மேசை. கிழமைக்கு இரண்டு தரம் மெழுகு போட்டு, என் முகம் தெரியத் துடைத்த மேசை. லாச்சியை ஒருநாளும் இழுத்துத் திறந்து பார்த்ததில்லை. அது என் நேர்மை. என் நேர்மையை நம்பித்தான் அவர் பூட்டுக்கூடப் போடவில்லை. அம்மன் மூன்று வருஷம் முற்றத்துக்குள் சுற்றியதும், நான் கூட்டத்தில் தலை குனிந்து நின்றதும் அந்த லாச்சிக்குள் கிடந்திருக்கிறது.

"இப்போதே ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்து வையுங்கள். வைத்தால்தான் எழும்புவேன்" என்றேன்.

பின்னால் சனம் முணுமுணுத்தது. கஜானன் ஓடி வந்து, "அக்கா, வேலை போயிடும், எழும்புங்கோ" என்று காதுக்குள் சொன்னார். சிஞ்ஞோரா கைப்பைக்குள் பேனை தேடினார்.

அந்தக் கந்தோர்ப் பெண் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "இவருடைய கையெழுத்து எதற்கு?" என்று என்னைக் கேட்டாள். "நீங்கள் இங்கேதானே பதிந்திருக்கிறீர்கள்? பெர்மெஸ்ஸோ இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியென்றால் நீங்களே கொடுக்கலாம். பாதை வரைபடம், பொறுப்பாளர் பெயர், முப்பது நாளுக்கு முன்னம். அவ்வளவுதான்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சிஞ்ஞோராவின் மேல் இருந்த கோபம் அப்படியே என் மேல் திரும்பியது. யாரும் என் கையைக் கட்டவில்லை. ஒருநாள் அந்தக் கந்தோருக்கு நடந்துபோய், வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. நானூறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் என்னுடைய சிஞ்ஞோரா இருந்தார்.

சிஞ்ஞோரா பேனையைக் கண்டுபிடித்து நீட்டிக்கொண்டு நின்றார்.

"வேண்டாம். உள்ளே வையுங்கள்" என்றேன்.

"இப்பவெண்டாலும் எழும்பப்பா" என்றார் என் கணவர். "ஒகுனோவின்ர தேர் என்ன பாவம் செய்தது? மேல சாமி இருக்கு."

அது நியாயம். எழும்பினேன். மூங்கிலைப் பரப்பினார்கள், நான் வாளித் தண்ணீரை ஊற்றினேன். வைக்கோல் தொப்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு எங்கள் ஆட்கள் பக்கவாட்டில் வடம் பிடித்தார்கள். என் கணவர் கை காட்டினார். இந்த முறை தெரிந்தே, வேண்டுமென்றே கத்தினோம். ஒகுனோவும் தன் பாஷையில் ஏதோ கத்தினார். செம்பட்டைத் தலைப் பெடியன் எல்லாரையும்விடப் பலமாக "அரோகரா" போட்டான். மூன்று இழுவையில் தேர் திரும்பியது. தெருக்கல் ஒன்றும் உடையவில்லை. குனிந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை சிஞ்ஞோராவிடம் கேட்காமல் லீவு போட்டேன். கந்தோரில் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதித் தமிழில் கையெழுத்து வைத்தேன். அந்தப் பெண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அம்மன் தெருவுக்கு வந்தா. வடம் நீண்டுகொண்டே போனது. சுவர் வரவில்லை. அதைப் பார்த்து அழாதவர் ஒருவரும் இல்லை, நான் மூக்கைச் சீறிச் சீறி அழுதேன். எங்கள் ஆட்களின் வாசல்களில் எல்லாம் நிறைகுடம். செய்தி எப்படிப் போனதோ, நத்தை விற்கிற மனுஷியும் வழியில் ஒரு கதிரையில் எலுமிச்சம்பழத் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். அங்கேயும் என் கணவர் கட்டை போட்டார். ஐயர் அந்த எலுமிச்சம்பழத்தை வாங்கி அர்ச்சனை செய்து திருப்பிக் கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தேர் நின்றது.

சிஞ்ஞோராவின் வாசலிலும் நிறைகுடம் இருந்தது. செப்புக்குடம், தேங்காய், மாவிலைக்குப் பதில் எலுமிச்சை இலை. ஒரு தைப்பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்தபோது நான் சொல்லிக் கொடுத்ததுதான். பக்கத்தில் சங்கத்து விருந்தாளிகள் பத்துப் பேர், அதே படமெடுக்கிறவன். கதவுக்கு மேலே சங்கத்தின் பெயர் எழுதிய துணி. எங்கள் தேரைத் தாங்கள் நடத்துவது போல.

"நிறைகுடம் வைச்ச வாசல், அக்கா" என்று கஜானன் மெல்லச் சொன்னார். "நிப்பாட்டத்தான் வேணும்."

என் கணவர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அனுமதி ஆரின்ர பேரில?" என்று கஜானனைக் கேட்டேன்.

"உங்கட பேரில."

"அப்ப நடவுங்கோ."

என் கணவர் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். தேர் நிற்காமல் போனது. சிஞ்ஞோரா தட்டைப் பிடித்தபடி, "விமலா" என்று ஒருதரம் கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் கேட்காதது போல நானும் போனேன். நான் செய்தது சரியோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மனுக்கு எல்லா வாசலும் ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை.

அடுத்த நாள் எட்டு மணிக்கு வழக்கம்போல வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது. நிறைகுடம் இன்னும் வாசலில் இருந்தது. எடுத்து வைப்பது என் வேலைதானே. தேங்காயைக் குசினியில் வைத்தேன், இலையைக் குப்பையில் போட்டேன், செப்புக்குடத்தைக் கழுவித் துடைத்தேன். சிஞ்ஞோரா கோப்பிக் கோப்பையோடு வந்து கதவில் சாய்ந்து நின்றார். இரவு நித்திரை கொள்ளாத கண்.

"எல்லாருக்கும் நின்றது. என் வாசலில் மட்டும் ஏன் நிற்கவில்லை?" என்று கேட்டார்.

குடத்தை அலுமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"கல் பழசு, சிஞ்ஞோரா" என்றேன். "நின்றால் உடைந்துவிடும்."

பிறகு மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.